கணக்கில் வராத கடல்

ஜனவரி 9

நடந்த அநியாயம் இது. என் மகன் கிளீட்டஸின் டிசம்பர் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கை வரி என்று பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள். கப்பலில் இருக்கும் அவனைக் கேட்கவில்லை. வீட்டுக்குச் சொல்லவில்லை. போனில் வங்கிச் செய்தியைப் பார்த்த மருமகள் ஜெசிந்தா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சட்டம் தெரியாதவன் என்று நினைத்துவிட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு கப்பலுக்குப் போனவன். இங்கிலீஷ் படித்தது பெயின்ட் டப்பாவிலும் நோட்டீஸ் போர்டிலும். செராங்காக, அதாவது கப்பல் தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றேன். வரிச் சட்டத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்திருக்கிறேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம். அதில் பாதி நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் கப்பல்காரனின் கடல் சம்பளத்துக்கு வரி இல்லை. பாதிக்கு ஒரு நாள் குறைந்தாலும் மொத்தத்துக்கும் வரி. முன்பெல்லாம் எங்கள் கைப்புத்தகத்தில் கப்பலேறிய முத்திரையையும் இறங்கிய முத்திரையையும் பார்த்து எண்ணிவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. இடையில் கப்பல் ஓர் இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னோர் இந்தியத் துறைமுகத்துக்கு ஓடியிருந்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். அலை அடிக்கிறது, ஆள் வாந்தி எடுக்கிறான், ஆனால் அது கடல் இல்லையாம்.

கிளீட்டஸின் கப்பல் டிசம்பரில் பாரதீப்பிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போனது. கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போன் செய்தேன். "நாள் தேறுமோ தேறாதோ, எதற்கும் பிடித்து வைக்கிறோம் சார்" என்றாள் ஒரு பெண்.

எதற்கும் என்றால் எதற்கு?

ஜனவரி 10

வரி ஆணையருக்கு மனு எழுதினேன். நான்கு பக்கம். என் மனைவி ரெஜினா காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேசவில்லை. நவம்பரிலிருந்து இப்படித்தான். காரணம் அவளுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 13

ஜெசிந்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். மார்ச் மூன்றாம் வாரம் என்று நாள் குறித்திருக்கிறார். அவள் தாய் இல்லாத பெண், அதனால் பேறுகாலம் எங்கள் வீட்டில்தான். கல்யாணமாகி ஏழு வருடம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் கிளீட்டஸ் கடலில் இருந்தான். இந்த முறை பிள்ளை பிறக்கும்போது அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

ஆட்டோவில் வரும்போது ஆரம்பித்தாள்.

"மாமா, வரி போனா போகுது. அவுகள முன்னாடியே இறங்கி வரச் சொல்லுங்க."

"போனா போகுதுன்னு சொல்ல அது என்ன உங்க அப்பன் வீட்டு உப்பளமா?"

"எங்க அப்பாவுக்கு உப்பளம் இருந்திருந்தா என்னைய எதுக்குக் கப்பல்காரனுக்குக் கட்டிக் குடுக்காக?"

ஆட்டோக்காரன் சிரித்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ஜனவரி 18

ஆடிட்டர் நெல்லையப்பனைப் பார்த்தேன். கப்பல்காரர்களின் கணக்குகளைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார். மேசையில் மூன்று போன், ஒரு பிள்ளையார். கிளீட்டஸ் கப்பலிலிருந்து அனுப்பியிருந்த தேதிகளை வைத்து விரலாலேயே எண்ணினார்.

"அண்ணாச்சி, சொல்லுதத கேளுங்க. மே வரைக்கும் பழைய கப்பல்ல நின்ன நாளையும் சேத்தா, டிசம்பர்ல ஓடுனதக் கழிச்சாலும், மார்ச் கடைசி நாள் வரைக்கும் தம்பி வெளிய நின்னா சரியா பாதி தேறிரும். ஒரு நாள் மிச்சம் கிடையாது."

"நிப்பான்."

"இடையில இன்னொரு தடவ இந்தியாக் கரையில ஓடிட்டா சோலி முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவரு கப்பல்ல இருந்தாலும் ஒண்ணுதான், வீட்டுல காலை நீட்டிப் படுத்திருந்தாலும் ஒண்ணுதான். வரி வரிதான்."

"போன வருசத்து லீவ் முடிஞ்சு நவம்பர் பன்னெண்டுல ஏறியிருக்காரு" என்று மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "மொத ஆர்டர் நவம்பர் ஒண்ணுன்னு போட்டிருக்கே. அன்னைக்கே ஏறியிருந்தா இந்தத் தலவலியே இல்லையே. ஏன் லேட்டு?"

அது வீட்டு விஷயம் என்றேன். ஆடிட்டர் வரியை மட்டும் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21

வீட்டு விஷயம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளை ஒட்டி, நவம்பரின் முதல் எட்டு நாள் முடியும் வரை யாரும் கப்பலேறுவதில்லை. ஊரில் வள்ளக்காரர்கள் அந்த ஒரு நாள் மட்டும் கடலுக்குப் போகமாட்டார்கள். எங்களுக்கு எட்டு நாள். கல்லறையில் விளக்கு எரியும்போது கடல் செத்தவர்களுக்குச் சொந்தம் என்று என் அப்பா சொல்வார். என் அண்ணன் சூசை அதைக் கேட்காமல் ஏறினான். சிங்கப்பூர் தாண்டி அவன் கப்பல் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. எல்லார் வீட்டுக் கல்லறைக்கும் மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறையே இல்லை.

நவம்பர் ஒன்றாம் தேதிக்குக் கிளீட்டஸுக்கு டிக்கெட் வந்தது. பெட்டி கட்டிவிட்டான். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டிப் போகட்டும் என்றேன். ஜெசிந்தா கெஞ்சினாள். ரெஜினா கத்தினாள். அவன் செகண்ட் ஆபீசர், முப்பத்தாறு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். தாண்டவில்லை. பெட்டியைத் திருப்பி உள்ளே கொண்டுபோனான். அந்தக் கப்பல் போய்விட்டது. பன்னிரண்டாம் தேதி வேறு கப்பல் கொடுத்தார்கள்.

இதற்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? சட்டத்தை மாற்றியவன் நானா?

ஜனவரி 27

இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றும் இடத்திலிருந்து கிளீட்டஸ் பேசினான். முதலில் ஜெசிந்தாவுடன் அரை மணி நேரம். பிறகு என்னோடு.

"யப்பா, இங்க சிக்னல் ஒழுங்கா கிடைக்காது. ஆடிட்டர நீங்கதான் பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டாவது மனுவும் போட்டாச்சு."

"மனு கெடக்கட்டும். நாள் தேறாதுன்னு அவரு சொன்னாருன்னா, அந்த நிமிசமே எனக்குச் சொல்லிரணும். தேறும்னா மார்ச் கடைசி வரை பல்லக் கடிச்சிட்டு நிக்கேன். தேறாதுன்னா நிக்கதுல அர்த்தமே இல்ல, ஆள் மாத்தச் சொல்லி எழுதிட்டு இறங்கிருவேன். ஜெசி பக்கத்துல இருக்கணும் யப்பா. மத்த ரெண்டு தடவையும் நான் போன்ல அழுகைதான் கேட்டேன்."

சொல்கிறேன் என்றேன்.

"சத்தியமா?"

தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது? லைன் போய்விட்டது.

பிப்ரவரி 3

கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வில்பிரெட்டின் ஆபீசுக்குப் போனேன். சம்பளத்தில் பிடித்ததற்கு அவனும் பொறுப்பு. நாற்காலியைக் காட்டினான், நான் உட்காரவில்லை.

"பெரியவரே, பிடிச்சது கம்பெனி. என்கிட்ட வந்து நின்னா நான் என்ன, என் பாக்கெட்டுல இருந்தா எடுத்துக் குடுப்பேன்?"

"இந்தியக் கரையில ஓடுற கப்பலை எதுக்கு என் மவனுக்குக் குடுத்த?"

"நான் மொதல்ல குடுத்தது ஆஸ்திரேலியா, ஜப்பான்னு ஓடுற கப்பல். இந்தியாப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. அதுல ஏறின பையன் போன வாரம் போட்டோ அனுப்பியிருக்கான், பாக்கீங்களா? அவனுக்கு நாளும் தேறும், மார்ச் பாதியில இறங்கியும் வந்துருவான்." போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "யாரு வாசல்ல உக்காந்தது, நானா?"

"நீ ஏஜென்டா, புரோக்கரா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே. புரோக்கருக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டு, எனக்கு அதுவும் இல்ல."

அங்கே வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். வில்பிரெட் மேலும் புகார் எழுத வேண்டும்.

பிப்ரவரி 6

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. சுருள் கட்டக் கொடுத்தேன். நாள் முழுக்கக் கிணற்றில் இறைத்தேன். ஜெசிந்தா குடத்தைத் தொடவந்தாள், விரட்டினேன். ரெஜினா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

பிப்ரவரி 12

செய்தி வந்தது. கிளீட்டஸின் கப்பல் இந்தோனேசிய நிலக்கரியில் பாதியை எண்ணூரில் இறக்குகிறது. மீதி நம்ம தூத்துக்குடிக்கு. அனல்மின் நிலையத்துக்கு.

ஜெசிந்தா கேலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, அவுக இங்க வாராக" என்றாள். அப்புறம் முகம் மாறியது. "எண்ணூர்ல இருந்து இங்க வாரதும் கரையோரம் ஓடுறதுதான? அப்போ நாள் கழிஞ்சிருமா?"

கழியாது என்றேன். சரக்கு ஏறிய இடம் இந்தோனேசியா. கடைசிக் கரி இறங்கும் வரை அந்தப் பயணம் முடியாது, எத்தனை துறைமுகத்தில் நின்றாலும் சரி. இது செராங்குக்குத் தெரிந்த சட்டம். ஆடிட்டரிடம் இதைச் சொல்லி, எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன். கிளீட்டஸும் அப்படித்தான் நினைக்கிறானாம். ஆனால் ஆடிட்டர் சொல்லட்டும் என்கிறான்.

பிப்ரவரி 17

கப்பல் நேற்று ராத்திரியே உள்ளே வந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து அதன் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

காலையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆடிட்டர் போன் செய்தார். பெரிய ஆடிட்டர் ஒருவரிடமும் கேட்டாராம். எண்ணூரில் பாதி இறக்கிவிட்டாலே வெளிநாட்டுப் பயணம் அங்கே முடிகிறது, எண்ணூரிலிருந்து தூத்துக்குடி உள்நாட்டு ஓட்டம், கழித்துவிடுவார்கள் என்றார்.

"பாதி தேறாது அண்ணாச்சி. இனி தம்பி நிக்கதுல பிரயோசனம் இல்ல. கப்பல் சொந்த ஊர்லயே நிக்குது, இங்கயே இறங்கிரச் சொல்லுங்க. பொண்டாட்டி பிள்ளையாவது பாக்கட்டும்."

"எழுத்துல குடும்."

"தாரேன், ரெண்டு நாள்ல தாரேன். ஆனா விசயம் இதுதான்."

விஷயம் இதுதான் என்று போனில் சொல்வது ஆலோசனை ஆகாது. நாளைக்கே அவர் வேறு மாதிரி சொன்னால் நான் யாரைப் பிடிப்பேன்?

மதியம் கிளீட்டஸ் வந்தான். ஆறு மணி வரைதான் அனுமதி. இரண்டு முறை குளித்தும் காது மடிப்பில் கரி இருந்தது. விளமீன் குழம்பு. அவன் சாப்பிடும்போது ஜெசிந்தா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையை அவள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டே சாப்பிட்டான். பிள்ளை உதைத்திருக்க வேண்டும். "ஏலே, கரிக்கையின்னு தெரிஞ்சிட்டு" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டான்.

"யப்பா, ஆடிட்டர் என்ன சொன்னாரு?"

"பதில் வரல."

"இன்னுமா?"

"வரலன்னா வரல."

"வில்பிரெட் சொல்லுதான், மதுரைப் பையன் ஒருத்தன் பெட்டியோட துறைமுகக் கேட்டுல நிக்கான்னு. வேற ஒருத்தனுக்கு மாத்தா வந்தவன், கேட்டா எனக்கு மாத்தா ஏத்திருவாங்களாம். நாள் தேறாதுன்னா இன்னைக்கே இறங்கிருவேன். தேறுறதுக்கு வழி இருக்கும்போது இறங்குனா, வருசச் சம்பளத்துல வரிக்காரன் கை வச்சிருவான். அதான் யோசனை."

"வழி இருக்கு" என்றேன். "மனு நிலுவையில இருக்கு. கப்பல்ல நிக்கவன் பேர்லதான் வாதாட முடியும். வீட்டுல இருக்கவன் பேர்ல என்னத்த வாதாட?"

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குப் போனான். கேட்டில் ரெஜினா அவன் கையில் ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தாள். அவன் பைக் திரும்பியதும் என் பக்கம் வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பேசினாள்.

"காலைல உமக்குப் போன் வந்துச்சே, யாரு?"

"பேங்க்காரன்."

பேசாதவள் பேசியது இதைக் கேட்கத்தான்.

பிப்ரவரி 20

ஆடிட்டரின் பதில் எழுத்தில் நேற்று வந்தது. போனில் சொன்னதேதான். கப்பல் முந்தாநாள் இரவே தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டது. இனிச் சொல்லி என்ன? நடுக்கடலில் இறங்கமுடியாது. சொன்னால் மனம்தான் கெடும். கப்பலோட்டும் ஆபீசரின் மனம் கெடக் கூடாது.

மூன்றாவது மனுவில் ஆடிட்டர் சொல்லும் தவறான கருத்துக்கு மறுப்பும் சேர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

மனு கிடைத்தது என்று கம்ப்யூட்டரில் ஒரு வரி வந்தது. கையெழுத்து இல்லை. என்னுடைய பத்துப் பக்கத்துக்கு ஒரு வரி.

மார்ச் 4

பிப்ரவரி சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் தனி அறை வேண்டாம், பொது அறை போதும் என்று சொல்லிவிட்டாளாம். வரி கட்டுவதற்காக என் வீட்டுப் பெண் பொது அறையில் கிடக்க வேண்டுமா? இதையும் எழுதி, மூன்றாவது மனுவோடு சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 9

சாயங்காலம் ஜெசிந்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆடிட்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாடிப்படி ஏறி. இந்த நிலையில்.

வந்ததும் உட்காரவில்லை. முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினா அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"பதினேழாந் தேதி காலைலயே உங்ககிட்டச் சொல்லிட்டாராம்."

"வாயால சொன்னாரு. எழுத்துல வந்தது பத்தொம்பது."

"அவுக மத்தியானம் இந்த வீட்டுல உக்காந்து கேட்டாக மாமா."

"வாய்ச் சொல் பதில் ஆகாது."

"அப்போ 'பதில் வரல'ன்னு நீங்க சொன்னீகளே, அதுவும் வாய்ச் சொல்லுதான? அத எதுக்கு அவுக நம்புனாக?"

நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். கப்பலில் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்பதைச் சொன்னேன். இது அவன் ஒருவன் சம்பளம் இல்லை, இந்தக் கரையில் எத்தனை பையன்கள் கப்பலில் இருக்கிறார்கள், ஒருவன் விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் போயிற்று என்று சொன்னேன். எல்லாம் உண்மை.

"எல்லாப் பையன்களுக்காகவும் நீங்க சண்ட போடுங்க" என்றாள். "என் மாப்பிள்ளைய வச்சு எதுக்குப் போடுதீக? நாள் தேறிட்டா நவம்பர்ல நீங்க மறிச்சது தப்பில்லன்னு ஆயிரும். அதான? அதுக்குத்தான அவுகள அங்கயே நிப்பாட்டுனீக?"

கர்ப்பிணியிடம் வாதாடக் கூடாது.

"நவம்பர்ல வாசல்ல உக்காந்து மறிச்சீக. பிப்ரவரில வாயை மூடி மறிச்சீக."

ரெஜினா வந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். சேலை என் முழங்காலில் பட்டது. நின்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 10

கிளீட்டஸுக்குச் சொல்லிவிட்டார்கள். கப்பல் தென்னாப்பிரிக்கத் துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்துக் கிடக்கிறது. ஆள் மாற்றச் சொல்லி எழுதிவிட்டானாம். மதுரைப் பையன் வேறு கப்பலுக்குப் போய்விட்டான். புது ஆளுக்கு விசா எடுத்து அனுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம்.

ராத்திரி போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஜெசிட்டக் குடுங்க" என்றான்.

யப்பா என்று சொல்லவில்லை. கொடுத்தேன்.

மார்ச் 13

மோட்டார் மறுபடி எரிந்தது. சுருள் கட்டியவன் ஏமாற்றிவிட்டான். போய்ச் சத்தம் போட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஒருவனாவது கொடுத்தான்.

மார்ச் 15

அவர்கள் இருவரும் அடுக்களையில் சாப்பிடுகிறார்கள். எனக்கு மேசையில் தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறது. சூடாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

மார்ச் 17

விடியற்காலை வலி எடுத்துவிட்டது. ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, கணவர் கையெழுத்து வேண்டும் என்றாள் நர்ஸ். வெளிநாட்டில் இருக்கிறான் என்றேன். "வெளிநாட்டுலயா?" என்று ஜெசிந்தா படுக்கையிலிருந்து கேட்டாள். "கணக்குல வராத நாட்டுல." வலியிலும் அப்படி ஒரு சிரிப்பு. நர்ஸுக்குப் புரியவில்லை. கணவர் என்று அச்சடித்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் மாமனார் என்று எழுதினேன்.

காலை முழுதும் ஆனது. மதியம் தாண்டியது. இரண்டு முறை உள்ளே போய் வந்த டாக்டர் மறுபடி உள்ளே போனார். கதவுக்கு வெளியே பெஞ்சில் ரெஜினா ஜெபமாலையோடு இந்தக் கோடியில், நான் அந்தக் கோடியில். உள்ளேயிருந்து ஜெசிந்தா கத்துவது கேட்டது. அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். கிளீட்டஸ் போனில் இருந்தான். ரெஜினா போனைக் கதவுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

ரெஜினா போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள அவ கத்துதா. கேக்குதா, இல்ல எழுத்துல வேணுமா?"

பெண் குழந்தை. மூன்று மணிக்கு. தாயும் பிள்ளையும் நலம். ஜெசிந்தாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது பயமில்லை என்கிறார்கள்.

மார்ச் 18

குழந்தையை ரெஜினா தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாள். கையில் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. காது மடிப்பு கிளீட்டஸுடையதுபோல.

மார்ச் 20

கிளீட்டஸ் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். இரண்டு விமானம் மாறி நாளை மதியம் வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்குகிறான். செய்தி அவன் அம்மாவுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. சென்னை ஆபீஸ் அனுப்பிய ஒப்புதல் தாளில், வரி பிடித்தது சரி என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டானாம். என்னைக் கேட்கவில்லை.

ஒன்றும் முடிந்துவிடவில்லை. செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

வரி ஆணையர் என் மூன்று மனுக்களுக்கும் ஆள் பெயரோடு, கையெழுத்தோடு பதில் தர வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுத வேண்டும். கடலில் நிற்பவனின் நாளைக் கடலில்லை என்று கழிக்கிற விதியை, அதை எழுதியவர்கள் ஒரு ஆனி மாதத்தில் எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை கரிக்கப்பலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

சென்னை ஆபீஸ், கப்பலைக் கரையோரம் ஓட்டுவதற்கு முன்னால் அதில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். லாபம் அவர்களுக்கு, வரி பையனுக்கு என்பது நடக்காது. பிடித்த பணத்துக்கு முறையான சான்று உடனே அனுப்ப வேண்டும். அந்தப் பெண் "எதற்கும்" என்ற சொல்லை விட வேண்டும்.

வில்பிரெட், நாற்காலியைக் காட்டியும் நான் உட்காரவில்லை என்பதை ஞாபகம் வைக்க வேண்டும். அடுத்த முறை கரையோரம் ஓடாத கப்பலாகத் தர வேண்டும். எப்போது ஏறுவது என்று அவன் கிளீட்டஸிடம் பேசிக்கொள்ளட்டும்.

கப்பல்காரர் சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும். செயலாளர் சந்தா வாங்க மட்டும் வீடு வீடாக வரக் கூடாது.

ஆடிட்டர் நெல்லையப்பன், வாயால் சொல்வதை அன்றைக்கே எழுத்திலும் தர வேண்டும். தந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மோட்டாருக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வரும்போது தண்ணீர் வேண்டும். இது நான் செய்ய வேண்டியது.

ரெஜினா பேச வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் சரி, முழுதாகத் திட்டிவிட வேண்டும். ஒரு வரி சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

ஜெசிந்தா இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தையை என் கையில் தரலாமா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மனு கிடையாது.

கிளீட்டஸ் மேல்முறையீட்டுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டான். போட வேண்டும்.

நாளை வாகைக்குளத்துக்கு நான் போக வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. அவன் வெளியே வந்ததும் பெட்டியை வாங்க வேண்டும். தரவில்லை என்றால் பக்கத்திலேயே நடக்க வேண்டும். காரணம் எதுவும் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. கையில் எந்தக் காகிதமும் எடுத்துப் போகக் கூடாது.